மாற்றாணைக்கு ஒரு வேலி வேண்டும்



எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சிறிய நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். அன்று பிற்பகல் ஒரு மாணவனுக்குக் கொடுத்திருந்த சோதனை எளிமையானது. கால்வனாமீட்டரின் முள் ஒரு பிரிவு விலக எவ்வளவு மின்னோட்டம் தேவை என்று கண்டுபிடிக்க வேண்டும். அவனுக்கு வந்த விடை, வர வேண்டியதைப் போலப் பத்து மடங்கு. மறுபடி செய்தான், அதே விடை. மூன்றாம் முறையும் அதே விடை. "கணக்கை ஒழுங்காகப் போடத் தெரியவில்லையா?" என்று நான் கடிந்துகொண்டேன். ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் ஒரு கோடும் போட்டேன்.

மறுநாள் காலை எங்கள் ஆய்வக உதவியாளர் அந்தப் பலகையைத் துடைக்கும்போது உண்மை தெரிந்தது. முந்தைய நாள் காலையில் வந்த பிரிவினர் அதே கால்வனாமீட்டரை மில்லி அம்மீட்டராக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அதற்காக அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஏறத்தாழ 11 ஓம் மின்தடைச் சுருள் ஒன்றை இணைத்திருக்கிறார்கள். சோதனை முடிந்ததும் கழற்றாமல் போய்விட்டார்கள். சுருள் பலகையின் பின்பக்கம் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. கால்வனாமீட்டரின் மின்தடை 100 ஓம். அப்படியானால் வரும் மின்னோட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு சுருள் வழியே போய்விடும். மீட்டர் வழியே போவது ஒரு பங்குதான். பிளஸ் டூ படிப்பவர்கள் தாளில் போட்டுப் பாருங்கள்.

மாணவன் செய்தது சரி. மீட்டரிலும் பழுது இல்லை. காலையில் வந்தவர்கள் செய்த சோதனையும் சரிதான். ஒருவர் தம் தேவைக்காகச் செய்த தற்காலிக மாற்றம், அவர் போன பிறகும் அங்கேயே தங்கி, அதைப் பற்றி ஒன்றுமே அறியாத இன்னொருவரின் வேலையைக் கெடுத்தது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று முறை எடுத்த அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. ஆகவே தவறு எங்கோ இருக்கிறது என்று சந்தேகிக்க அந்த மாணவனுக்கு எந்த அறிகுறியும் கிடைக்கவில்லை.

இதை நான் மறந்தே போயிருந்தேன். எங்களிடம் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த பழைய மாணவி ஒருவர் சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தார். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கணிப்பொறிப் பிரிவில் வேலை செய்கிறார். தம் தொழிற்சாலையில் நடந்த ஒரு குழப்பத்தை அவர் விவரிக்க விவரிக்க, பலகைக்குப் பின்னால் இருந்த அந்தச் சுருள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் குழப்பத்தைப் பற்றியது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் இருங்காட்டுக்கோட்டை வரும். 1998-இல் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்து ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் திரும்பினால் ஒரகடம். 2010-இல் ரெனோ-நிஸான், 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக அங்கே வந்தன. ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே எழுந்த இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்குப் பிராக்கெட், ரப்பர் வளையம், கம்பிக்கட்டு, கண்ணாடி, இருக்கை என்று செய்து கொடுக்கும் ஆலைகள் ஏராளம். அந்தப் பகுதியில் வீடு உள்ளவர்களுக்கு ஷிப்ட் பஸ்களின் வரிசை நன்றாகத் தெரியும்.

ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. இவற்றை மாதக்கணக்கில் குவித்து வைக்க எந்த ஆலையும் விரும்புவதில்லை. இடம் வேண்டும், பணம் முடங்கும். ஆகவே தேவைப்படும் நேரத்துக்குச் சற்று முன்பு மட்டும் சரக்கு வந்து சேரும்படி ஏற்பாடு செய்கிறார்கள். ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் வளர்த்தெடுத்த முறை இது. இதற்கு உயிர்நாடி கணக்கு. ஸ்டோர்ஸில் எந்தப் பாகம் எத்தனை இருக்கிறது என்று கணிப்பொறிக் கோப்பு சொல்வதை நம்பித்தான் அசெம்பிளி லைன் ஓடுகிறது. பெட்டி ராக்கில் கண்ணெதிரே இருந்தாலும், கோப்பில் 'இல்லை' என்று இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

அந்த ஆலையில் சரக்குக் கணக்கை வைத்திருக்கும் கணிப்பொறி ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.எஸ்./400 பரம்பரையைச் சேர்ந்தது. 1988-இல் வெளிவந்த பொறி அது. அதன் முன்னோர் 1978-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/38. (அதே 1978-இல்தான் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது என்பது ஒரு வேடிக்கை. திரும்பி வந்தது 1990-களில்.) பழைய சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் பலமுறை மாறி, ஐ.பி.எம். ஐ என்ற பெயரில் இன்றும் அது தொழிற்சாலைகளிலும் வங்கிகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1980-களில் எழுதிய புரோகிராம்கள் இன்றும் அதில் வேலை செய்கின்றன. எனக்கு அதன்மீது கொஞ்சம் மரியாதை உண்டு.

அந்தப் பொறியில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஒரு புரோகிராம் 'இருப்பு' என்ற கோப்பைத் திறக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், "இது 'இருப்பு' என்று கேட்டால் 'இருப்புநகல்' என்ற கோப்பைத் திறந்து கொடு" என்று கணிப்பொறிக்குக் கட்டளையிடலாம். இதை ஓவர்ரைடு என்கிறார்கள். நாம் மாற்றாணை என்று வைத்துக்கொள்வோம். கட்டளையின் பெயர் ஓ.வி.ஆர்.டி.பி.எஃப்.; தரவுக் கோப்புக்கு மாற்றாணை என்பதன் சுருக்கம்.

இது எதற்கு என்று கேட்பீர்கள். புதிதாக எழுதிய புரோகிராமை உண்மையான கணக்கில் ஓட்டிப் பார்க்க முடியாதல்லவா? நகலில் ஓட்டிப் பார்க்கலாம். சென்ற மாதக் கணக்கை அறிக்கையாக எடுக்க வேண்டுமானால், அதே அறிக்கைப் புரோகிராமைச் சென்ற மாதக் கோப்பின் பக்கம் திருப்பிவிடலாம். கால்வனாமீட்டருக்குக் குறுக்கே சுருள் போடுவதைப் போல இதுவும் பயனுள்ள வேலைதான். யாரும் இதைக் குறைசொல்ல முடியாது.

கேள்வி எங்கே வருகிறது? மாற்றாணை எதுவரை செல்லும், எப்போது மடியும் என்பதில் வருகிறது.

பெரிய வேலையை ஒரே புரோகிராம் செய்வதில்லை. ஒன்று இன்னொன்றை அழைக்கும். அது வேறொன்றை அழைக்கும். நம் ஆலையில் 'மெனு' என்ற புரோகிராம் 'பயிற்சி' என்பதை அழைக்கிறது. 'பயிற்சி' முதலில் 'தயார்' என்பதையும், பிறகு 'எண்ணிக்கை' என்பதையும் அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அழைப்பும் ஒரு படி கீழே இறங்குவதைப் போன்றது. வேலை முடிந்ததும் அழைத்தவரிடமே திரும்பி ஒரு படி மேலே ஏற வேண்டும். ஒரு படியில் நின்று கொடுத்த மாற்றாணை, அந்தப் படிக்கும் அதற்குக் கீழே உள்ள படிகளுக்கும் செல்லும். மேலே செல்லாது. அந்தப் படியை விட்டு ஏறியதும் கணிப்பொறி தானாகவே அதை அழித்துவிடும். இது முதல் வகை எல்லை. அழைப்புப் படி எல்லை என்று சொல்லலாம்.

இரண்டாவது வகை 1993-இல் வந்த புதிய புரோகிராம் அமைப்போடு சேர்ந்தது. அதில் புரோகிராம்களைச் செயல்குழுக்களாகப் பிரித்து, தனித்தனி அறைகளில் குடியேற்றுவதைப் போல வைக்கலாம். ஓர் அறையில் கொடுத்த மாற்றாணை அந்த அறைக்குள் திறக்கும் கோப்புகளை மட்டும் பாதிக்கும். பக்கத்து அறைக்குத் தெரியாது. மூன்றாவது வகை மிக அகலமானது. 'இந்த ஜாப் முழுவதற்கும்' என்று எழுதிவிட்டால், ஒருவர் தம் திரையில் பயனர் பெயரைக் கொடுத்து உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை, எந்தப் புரோகிராம் ஓடினாலும் மாற்றாணை அதைத் தொடரும். யாராவது நினைவாக நீக்கினால்தான் இடையில் நீங்கும்.

இந்த மூன்றாவது வகைதான் நம் கதையின் சுருள்.

ஆண்டு முடிவில் சரக்கை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அதற்குமுன் ஊழியர்கள் பழகிக்கொள்வதற்காக மெனுவில் 'பயிற்சி எண்ணிக்கை' என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். பயிற்சியின்போது உண்மையான 'இருப்பு' கெட்டுவிடக் கூடாது. ஆகவே 'இருப்புநகல்' பக்கம் திருப்ப வேண்டும். இதுவரை நல்ல எண்ணம். ஆனால் மாற்றாணையை எழுதிய இளைஞர் அதை 'தயார்' என்ற உதவிப் புரோகிராமில் வைத்தார். என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். 'தயார்' வேலை முடிந்து ஒரு படி மேலே ஏறும்போதே மாற்றாணை அழிந்துவிடும். அடுத்து ஓடும் 'எண்ணிக்கை' உண்மையான கோப்பையே திறக்கும். ஓட்டிப் பார்த்தார், அப்படியே ஆயிற்று. யாரையோ கேட்டிருக்கிறார். "எல்லையை ஜாப் என்று போட்டுவிடு, வேலை செய்யும்" என்று பதில் வந்திருக்கிறது. போட்டார். வேலை செய்தது. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

சில நாட்கள் கழித்து இரவு ஷிப்டில் ஸ்டோர்ஸ் ஊழியர் ஒருவர் தொடக்கத்திலேயே கால் மணி நேரம் பயிற்சி எண்ணிக்கையைச் செய்து பார்த்தார். முடித்து மெனுவுக்குத் திரும்பினார். பிறகு விடியும்வரை வழக்கமான வேலை: வந்த லாரிகளின் சரக்கை வரவு வைத்தார், லைனுக்குக் கொடுத்ததைப் பற்று வைத்தார். ஒவ்வொரு பதிவையும் திரையில் திரும்ப அழைத்துப் பார்த்துச் சரி என்று உறுதியும் செய்துகொண்டார். பார்க்கும் புரோகிராமும் அதே ஜாப்பில்தானே ஓடுகிறது? அதுவும் நகலையே காட்டியது. மூன்று முறை அளந்தும் ஒரே விடை வந்த என் மாணவனின் நிலைமைதான் அவருக்கும். காலை ஆறு மணிக்கு வெளியேறினார். வெளியேறிய கணத்தில் ஜாப் முடிந்தது. மாற்றாணையும் சுவடு இல்லாமல் மறைந்தது.

காலை ஷிப்டில் ஒரு பிராக்கெட்டின் இருப்பு பூஜ்யம் என்று கோப்பு சொன்னது. பெட்டிகள் ராக்கில் இருந்தன. லைன் நின்றது. யாரைக் கேட்பார்கள்? இரவில் இருந்தவரைத்தான். அவர் காண்டிராக்ட் ஊழியர். "நான் பதிவு செய்தேன், திரையில் பார்த்தேன்" என்று அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று மேற்பார்வையாளர் கேட்டாராம். மெமோ கொடுத்தார்கள். அரை நாள் சம்பளமும் பிடித்தார்கள்.

என் மாணவிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "சார், அவர் அன்னிக்கு ராத்திரி வந்த லாரி நம்பரையெல்லாம் மனப்பாடமா சொன்னார். பதிவு பண்ணாத ஆளுக்கு அது எப்படித் தெரியும்?" என்று என்னிடம் சொன்னார். கோப்பைத் தேடினார், இல்லை. பொறியில் அப்போது நடப்பில் உள்ள மாற்றாணைகளைப் பட்டியலிடும் கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் ஒன்றும் இல்லை. இருக்காது, ஜாப்தான் முடிந்துவிட்டதே. பிளக்கைப் பிடுங்கியதும் மறைந்துவிடும் கோளாறைத் தேடுவதைப் போன்ற வேலை இது. கடைசியில் தற்செயலாக 'இருப்புநகல்' கோப்பைத் திறந்திருக்கிறார். அந்த இரவின் பதிவுகள் அத்தனையும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன.

இதைக் கேட்ட அனுபவசாலிகள் சிலர் என்னிடம் ஒரு சமாதானம் சொன்னார்கள். "அகலமான எல்லை போட்டதில் தவறில்லை. வேலை முடிந்ததும் மாற்றாணையை நீக்கும் வரியை மறந்ததுதான் தவறு. கவனமாக இருந்தால் போதும்" என்றார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீக்கும் வரி புரோகிராமின் கடைசியில் இருக்கும். நடுவில் ஏதோ பிழை நேர்ந்து புரோகிராம் பாதியில் நின்றுவிட்டால் கடைசி வரிக்குப் போவது யார்? மாற்றாணை மட்டும் உயிரோடு இருக்கும். அழைப்புப் படி எல்லையில் இந்தத் தொல்லை இல்லை. புரோகிராம் ஒழுங்காக முடிந்தாலும் பாதியில் விழுந்தாலும், அந்தப் படி போய்விட்டால் மாற்றாணையும் கூடவே போய்விடும். யாருடைய நினைவாற்றலையும் அது நம்பியிருக்கவில்லை.

ஆய்வகத்தில் இரண்டு வகைச் சாவிகளைப் பார்த்திருப்பீர்கள். பிளக் கீ ஒன்று. பித்தளைக் கட்டையைச் செருகினால் மின்சுற்று மூடும். யாராவது உருவும்வரை மூடியே இருக்கும். இன்னொன்று டாப்பிங் கீ. விரலால் அழுத்தும்வரைதான் மின்னோட்டம். விரலை எடுத்தால் வில் தூக்கிவிடும். நீண்ட நேரம் மின்னோட்டம் போனால் கெட்டுவிடும் இடங்களில் ஏன் டாப்பிங் கீயைக் கொடுக்கிறோம்? மாணவர்கள் கவனக்குறைவானவர்கள் என்பதாலா? இல்லை. கவனமானவர்களையும் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால்.

ஒரகடத்துப் பிரஸ் ஷாப்புகளில் உள்ள தகடு அழுத்தும் பொறிகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்திப் பிடித்தால்தான் அச்சு கீழே இறங்கும். இறங்கும்போது ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். அதே ஆலையில் வெல்டிங் போன்ற நெருப்பு வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நேரம் முடிந்தால் சீட்டும் செல்லாது. ஷாப் தளத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பவர்கள், அதே ஆலையின் கணிப்பொறி அறையில் மட்டும் 'ஜாப் முழுவதும்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது ஏன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மாற்றாணைக்கும் ஒரு சீட்டு இருக்கட்டும் என்கிறேன். குறுகிய எல்லைக்கு யாரையும் கேட்க வேண்டாம். அகல எல்லை வேண்டும் என்பவர் காரணத்தை எழுதி, இன்னொருவரின் கையெழுத்தையும் பெறட்டும்.

அகல எல்லையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் ஆள் இல்லாமல் ஓடும் மாதமுடிவு வேலை ஒன்று இருக்கிறது. அதில் ஓடும் நாற்பது புரோகிராம்களும் சென்ற மாதக் கோப்பையே படிக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஜாப்பும் முடிந்துவிடும். அங்கே ஜாப் எல்லை பொருத்தமானதே. மனிதர் ஒருவர் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பலவிதமான வேலைகளைச் செய்யும் ஜாப்பில் அதைப் போடுவதுதான் தவறு.

பொறியை வடிவமைத்தவர்கள்மீதும் பழி போட முடியாது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது ஜாப் எல்லையைக் கொடுப்பதில்லை. அதை வேண்டுமென்றே எழுத வேண்டும். இன்னொரு தற்காப்பையும் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒரே கோப்புக்கு மேல்படியில் ஒரு மாற்றாணையும் கீழ்ப்படியில் வேறொரு மாற்றாணையும் இருந்து, இரண்டும் ஒன்றையே வேறுவிதமாகச் சொன்னால் எது செல்லும் தெரியுமா? மேல்படியில் இருப்பது. வகுப்பாசிரியர் 'ஆய்வகத்துக்குப் போ' என்று சொல்லியிருந்தாலும் தலைமையாசிரியர் 'மைதானத்துக்கு' என்றால் மைதானத்துக்குத்தானே போவீர்கள்? கீழே உள்ள புரோகிராமைத் தொடாமலே மேலே உள்ளவர் அதைத் திருப்பிவிட முடிய வேண்டும் என்பதற்காக இப்படி வைத்தார்கள். ஆனால் சில கோப்புகளை எவரும் திருப்பக் கூடாது. அங்கே கீழே உள்ள புரோகிராம் தன் மாற்றாணையைப் 'பாதுகாப்பானது' என்று குறித்துவிட்டால், மேலிருந்து வரும் எந்த மாற்றாணையும் அதைத் தொடாது. ஸ்டோர்ஸின் வரவுப் புரோகிராமில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் அந்த இரவு ஒன்றும் நடந்திருக்காது.

இந்தச் சிந்தனை ஒரு பொறிக்கு மட்டும் உரியதன்று. 1960-இல் வந்த அல்கால் மொழியிலேயே, ஒரு கட்டத்துக்குள் அறிவித்த பெயர் அந்தக் கட்டத்துக்குள் மட்டுமே செல்லும் என்ற விதி இருந்தது. 1972-இல் டேவிட் பார்னஸ் என்பவர், ஒரு புரோகிராமைக் கூறுகளாகப் பிரிக்கும்போது ஒரு கூறு தன் முடிவுகளை மற்றவற்றிடமிருந்து மறைத்து வைக்க வேண்டும் என்று எழுதினார். 1973-இல் வுல்ஃப், மேரி ஷா என்ற இருவர், எல்லாக் கூறுகளும் தொடக்கூடிய பொது மாறி தீங்கானது என்றே ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள். ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்தத் தீங்கு சரக்குக் கணக்கோடு நிற்பதில்லை. கனடாவில் தயாரான தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சுப் பொறி 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தார்கள். ஒரே சமயத்தில் ஓடிய புரோகிராம் கூறுகள் சில மாறிகளைத் தடுப்பின்றிப் பகிர்ந்துகொண்டது அதன் காரணங்களுள் ஒன்று. ஒரு கூறு மாற்றியதை மற்றொரு கூறு அறியாமல் தன் வேலையைத் தொடர்ந்தது. பழைய மாதிரிகளில் இருந்த இயந்திரத் தடுப்புகளையும் அதில் எடுத்துவிட்டிருந்தார்கள். நோயாளிகள் சுட்டுவிட்டது என்று கதறியபோதும், அந்தப் பொறியில் அப்படி நேர வழியே இல்லை என்றுதான் தயாரிப்பாளர் முதலில் பதில் சொன்னார். 'கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?' என்ற கேள்வி ஒரகடத்தில் பிறந்ததன்று.

நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் 'வரையெல்லை' என்று ஒரு பாடம் இருக்கிறது. உள்ளமை, சூழ்ந்தது, குளோபல், உள்ளிணைந்தது என்று நான்கு வகைகளை வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் என் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மாணவி மூச்சுவிடாமல் சொல்கிறார். "எதற்கு இது?" என்று கேட்டேன். "ரெண்டு மார்க் சார்" என்றார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. கேள்வித்தாள் அதைத்தான் கேட்கிறது. ஆனால் பைத்தானில் ஒரு செயற்கூறுக்குள் நீங்கள் மதிப்பு கொடுக்கும் பெயர் ஏன் தானாகவே உள்ளேயே நின்றுவிடுகிறது, வெளியே உள்ளதை மாற்ற வேண்டுமானால் மட்டும் ஏன் 'குளோபல்' என்று தனியாக எழுத வேண்டியிருக்கிறது என்று வகுப்பில் ஒரு முறையாவது கேளுங்கள். ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்களில் பலர் நாளை ஷிப்ட் பஸ்ஸில் ஏறி இந்த ஆலைகளுக்கே போகப் போகிறீர்கள். சிலர் புரோகிராம் எழுதுவீர்கள், பலர் அதன்முன் உட்கார்ந்து பதிவு செய்வீர்கள். எழுதுபவர் போடும் எல்லை, பதிவு செய்பவரின் சம்பளத்தில் கை வைக்கிறது என்பதை அந்தப் பாடத்தின் ஓரத்தில் எங்கேயும் அச்சிடவில்லை.

என் மாணவி செய்த திருத்தம் மிகச் சிறியது. 'தயார்' புரோகிராமில் இருந்த மாற்றாணை வரியை எடுத்து, அதை அழைக்கும் 'பயிற்சி' புரோகிராமின் தொடக்கத்தில் வைத்தார். ஜாப் என்ற சொல்லை நீக்கி, அழைப்புப் படி என்று போட்டார். இப்போது 'தயார்', 'எண்ணிக்கை' இரண்டும் கீழ்ப்படிகள்; இரண்டும் நகலையே திறக்கும். பயிற்சி முடிந்து மெனுவுக்கு ஏறியதும் மாற்றாணை இருக்காது. பிறகு 'எண்ணிக்கை' ஓடிக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்று அதைப் பாதியில் நிறுத்தி, மெனுவுக்குத் திரும்பி, மாற்றாணைப் பட்டியலைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். பட்டியல் காலி. இந்தக் கடைசிச் சோதனையைச் சொன்னபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

"அந்த ஸ்டோர்ஸ்காரர் மெமோ என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். பிடித்த அரை நாள் சம்பளம் வந்துவிட்டதாம். மெமோ மட்டும் அவருடைய ஃபைலில் அப்படியே இருக்கிறதாம். அடுத்த ஆண்டு காண்டிராக்டைப் புதுப்பிக்கும்போது அதை எடுத்துப் பார்ப்பார்கள். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, 'இருப்புநகல்' கோப்பின் அச்சுப்படியையும் சேர்த்து, மெமோவை எழுத்துமூலம் திரும்பப் பெறும்படி நிர்வாகத்துக்குக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

என் மாணவனின் ரெக்கார்டு நோட்டை மறுநாளே வாங்கி, நான் போட்ட சிவப்புக் கோட்டை அடித்து, 'கருவியில் இணைப்பு கழற்றப்படவில்லை. மாணவர் எடுத்த அளவு சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.